ஸ்டென்ட் வச்சாச்சு, அதோட சரின்னு இருந்துட்டோம்

புதுமண்டபத்துப் பையன்:
அப்பா மதுரை புதுமண்டபத்துல தையல் மிஷின் போட்டிருந்தவர். 2019 ஆடி மாசம், காஜா எடுத்துக்கிட்டிருந்தவர் ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல துணியைக் கிழிக்கிற மாதிரி வலிக்குதுன்னு சுருண்டுட்டார். பக்கத்து கிளினிக்ல கேஸ்னு ஊசி போட்டு அனுப்பினாங்க. ராத்திரி இடது கால் சில்லிட்டுப் போகவும்தான் வேற ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சிடி ஸ்கேன் எடுத்துட்டு, "இதயத்துலேர்ந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாய், பெருந்தமனியோட உள்சுவர் கிழிஞ்சு ரத்தம் ரெண்டு அடுக்குக்கு நடுவுல ஓடுது, டைப் பி, அதாவது கீழ இறங்குற பகுதியில கிழிசல்"ன்னாங்க. எனக்கு விளங்கலை. அப்பாதான், "லைனிங் தனியா மேல்துணி தனியா கழண்டுருச்சுங்கிறாங்கடா"ன்னார்.

தொடை இடுக்கு வழியா ஸ்டென்ட் கிராஃப்ட், துணி போர்த்தின கம்பிவலைக் குழாய், உள்ள வச்சாங்க. ஆறாம் நாள் வீடு. ஒரு மாசம், ஆறு மாசம், ஒரு வருஷம், அப்புறம் வருஷா வருஷம் சிடி எடுக்கணும்னு டிஸ்சார்ஜ் சீட்டுல இருந்துச்சு. முதல் ரெண்டு எடுத்தோம். பிறகு ஊரடங்கு. அது முடிஞ்சும் எடுக்கலை, அதுக்குக் கொரோனா மேல பழி போட முடியாது. ஆள் நல்லாத்தானே இருக்காருன்னு ஒரு நெனப்பு.

2022ல குரல் கம்மிப் போச்சு. ரெண்டு மாசம் சுக்குக் கஷாயம் குடுத்தோம்! காது மூக்கு தொண்டை டாக்டர்தான், ஒரு பக்கக் குரல்நாண் அசையலை, நெஞ்சுக்குள்ள ஏதோ நரம்பை அழுத்துதுன்னு ஸ்கேனுக்கு அனுப்பினார். ஸ்டென்ட்டோட கீழ்முனை குத்தி உள்சுவர்ல புதுக் கிழிசல். அது வழியா ரத்தம் ஏறி, 2.5 சென்டிமீட்டர் இருக்க வேண்டிய குழாய் 6.5க்கு ஊதியிருந்துச்சு. குடலுக்கும் கிட்னிக்கும் கிளை பிரியிற இடம் வரைக்கும் வீக்கம், இவருக்கு இன்னொரு ஸ்டென்ட் ஒத்துவராதுன்னுட்டாங்க.

இடது விலாவைத் திறந்து, ஊதின பகுதியை எடுத்துட்டு, பழைய ஸ்டென்ட்டோட அடிப்பக்கம் டேக்ரான் குழாயைத் தைக்கணும். "அது என்ன துணி சார்?"னு அப்பா கேட்டார். பாலியஸ்டர். 1950கள்ல டிபேக்கிங்கிற அமெரிக்க சர்ஜன் கடையில டேக்ரான் துணி வாங்கி வீட்டு மிஷின்ல குழாயாத் தைச்சாராம். அவருக்கே 2006ல, 97 வயசுல, இந்த நோய்க்கு ஆபரேஷன் நடந்துச்சாம். அப்பாவோட அடுத்த கேள்வி: "ஓட்டுத் தையலா, ஒவ்வொண்ணா முடிச்சுப் போடுவீங்களா?" "ஓட்டுத் தையல்தான்யா"ன்னார் சர்ஜன். அதுக்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டார் மனுஷன்.

எங்களுக்குப் பயமெல்லாம் தண்டுவடத்தைப் பத்தி. அதுக்குப் போற ரத்தக்குழாய்களும் அங்கிருந்துதான் கிளம்புது. ஓட்டம் குறைஞ்சா ரெண்டு காலும் விழுந்துரும். முதுகுல டியூப் போட்டு தண்டுவட நீரை வடிச்சுக்கிட்டே இருந்தாங்க. மயக்கம் தெளிஞ்சதும் நர்ஸ், "ஐயா, காலை ஆட்டுங்க"ன்னாங்க. போர்வைக்குள்ள ரெண்டு பாதமும் மிஷின் மிதிச்சுச்சு.

மேலூர் அக்கா:
தம்பி, எங்க அத்தைக்கு இதே ஸ்டென்ட் வச்ச பன்னிரண்டாம் நாளே மறுபடி நெஞ்சுவலி. கிழிசல் திரும்பி இதயத்துப் பக்கமா ஏறிருச்சு. ராத்திரியோட ராத்திரியா நெஞ்செலும்பைத் திறந்தாங்க. உடம்பைக் குளிரவச்சு, ரத்த ஓட்டத்தையே நிறுத்தி, மூளைக்கு மட்டும் தனியா ரத்தம் விட்டு, பெருந்தமனி வளையிற பகுதியை மாத்தினாங்க. ரத்தம் குடுக்க எங்க ஊர்ப் பசங்க ஒரு வேன் நிறைய வந்து இறங்கினாங்க, அதை மறக்க முடியாது. அத்தைக்கு ஒரு வாரம் ஆள் அடையாளம் தெரியலை, பிறகு தேறிட்டாங்க. செலவுல காப்பீட்டு அட்டை கொஞ்சம், என் வளையல் மீதி.

உசிலம்பட்டியான்:
சித்தப்பாவுக்கு ஸ்டென்ட்ல கிருமி. விட்டு விட்டுக் காய்ச்சல், மலேரியா டெஸ்ட் வரைக்கும் பார்த்தோம். ஒரு நாள் ரத்த வாந்தி. உணவுக்குழாய்க்கும் தமனிக்கும் நடுவுல ஓட்டை விழுந்துருச்சாம். ஆபரேஷன் வரைக்கும் ஆள் தாங்கலை.

மேலூர் அக்கா:
அடக் கடவுளே. தம்பி, அப்பா இப்பத் தைக்கிறாரா?

புதுமண்டபத்துப் பையன்:
காஜா மட்டும்கா. குரல் திரும்பலை, வர்றவங்களுக்கு அளவைக் கையாலயே காட்டுறார். அடுத்த சிடி தை மாசம். தேதியை மிஷின் பலகையில சாக்கால எழுதி வச்சிருக்கார், அழிய அழிய மேல எழுதுறார்.