16 வயது மகனுக்கு ஒரு இரவு முழுக்க நினைவில்லை, மூளையைப் பாதித்திருக்குமா?

கண்ணாடிவளையல்:

வணக்கம். மகனுக்கு 16 வயது. போன சனிக்கிழமை நண்பன் வீட்டில் படிக்கப் போகிறேன் என்று போனவன், மறுநாள் முகம் வெளுத்துத் திரும்பி வந்தான். கேட்டதும் மறைக்கவில்லை, நான்கு பேர் சேர்ந்து குடித்திருக்கிறார்கள். குடித்ததைக்கூட எப்படியோ தாங்கிக்கொண்டேன். இரவு பத்து மணிக்கு மேல் நடந்த எதுவுமே அவனுக்கு நினைவில்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை. அந்த நேரத்தில் பேசியிருக்கிறான், பாடியிருக்கிறான், "தூங்கப் போறேன்மா" என்று எனக்கு மெசேஜும் அனுப்பியிருக்கிறான். அதை அனுப்பியதே தெரியாது என்கிறான்.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. கணவரின் அண்ணன், "இந்த வயசுல எல்லாப் பசங்களும் தொட்டுப் பார்ப்பாங்க, வீட்டிலேயே கொஞ்சம் கொடுத்துப் பழக்கிட்டா வெளிய போய் அளவு மீற மாட்டான்" என்கிறார். கணவரும் தலையாட்டுகிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் எதிர்த்துப் பேசக் கையில் காரணம் இல்லை. ஒரு தடவை இப்படி ஆனதால் மூளைக்குக் கேடு வந்திருக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உயிரியல்_டீச்சர்:

சகோதரி, முதலில் அந்த நினைவு போன விஷயம். மறந்துவிட்டான் என்று நினைக்கிறீர்கள், ஆனால் மறப்பதற்கு அங்கே எதுவும் பதிவாகவே இல்லை. நடப்பதை நீண்டகால நினைவாக மாற்றுவது ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி. இரத்தத்தில் ஆல்கஹால் வேகமாக ஏறும்போது அது வேலையை நிறுத்திவிடுகிறது, மற்ற பகுதிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அதனால்தான் பேசவும் மெசேஜ் தட்டவும் முடிந்திருக்கிறது. இதை பிளாக் அவுட் என்பார்கள், மயங்கி விழுவது வேறு. எவ்வளவு குடித்தான் என்பதோடு எவ்வளவு வேகமாகக் குடித்தான் என்பதும் இதில் முக்கியம், வெறும் வயிறு என்றால் இன்னும் மோசம்.

இனி வயது. மூளை வளர்ந்து முடிய ஏறக்குறைய 25 வயது ஆகும். பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக முதிர்ந்துகொண்டு வருவதால், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி, அதாவது யோசித்து முடிவெடுக்கவும் ஆசையை அடக்கவும் உதவும் பகுதி, கடைசியில்தான் தயாராகிறது. ஆனால் இன்பத்தைத் தேடும் பகுதி பதின்ம வயதிலேயே முழு வேகத்தில் இருக்கும். இந்த வருடங்களில் மூளை தேவையில்லாத நரம்பு இணைப்புகளைக் கத்தரித்துவிட்டு, தேவையானவற்றுக்கு மயலின் என்ற கொழுப்பு உறையைச் சுற்றுகிறது, செய்தி வேகமாகப் போவதற்காக. அமெரிக்காவில் 12 முதல் 21 வயது வரை உள்ள 800க்கும் மேற்பட்டவர்களை ஆண்டுக்கணக்கில் ஸ்கேன் செய்து பார்த்து வருகிறார்கள். அவர்களில் அதிகமாகக் குடிக்கத் தொடங்கியவர்களுக்கு நெற்றிக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பகுதியின் சாம்பல் பொருள், அதாவது நரம்பு செல்கள் நிறைந்த திசு, வழக்கத்தைவிட வேகமாகக் குறைந்திருந்தது, உறை போட்ட வெண்பொருள் வளர வேண்டிய அளவுக்கு வளரவில்லை.

இன்னொன்றை என் வகுப்பில் எப்போதும் சொல்வேன். பெரியவர்களுக்குக் கொஞ்சம் உள்ளே போனதும் தூக்கம் வரும், கால் தள்ளாடும், உடம்பே போதும் என்று சொல்லிவிடும். இளம் எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் இந்த எச்சரிக்கை மணி அவற்றுக்குக் குறைவாகவே அடிக்கிறது, கற்றலிலும் நினைவிலும் விழும் அடி மட்டும் பெரிய எலிகளைவிட அதிகம். "எனக்கு ஒண்ணும் ஏறலை" என்று பிள்ளைகள் சொல்வதை நம்பவே கூடாது என்பது இதனால்தான்.

அளந்துபேசு:

மேலே சொன்னதை மறுக்கவில்லை, ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் ஒரு தாய் இதைப் படித்துவிட்டு இரவு தூங்காமல் கிடக்கக் கூடாது. அந்த ஸ்கேன் முடிவுகள் திரும்பத் திரும்ப, நிறையக் குடித்தவர்களைப் பற்றியவை. ஒரே ஒரு இரவினால் நிரந்தரச் சேதம் வந்துவிட்டது என்று அவற்றை வைத்துச் சொல்ல முடியாது. அப்புறம், குடிக்கத் தொடங்கும் முன்பே சில பிள்ளைகளின் மூளையில் சிறு வேறுபாடுகள் இருந்ததும் பிந்தைய ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது, ஆகவே கண்ட வேறுபாடு எல்லாமே குடியால் வந்தது என்றும் சொல்லிவிட முடியாது. இந்த வயது மூளைக்கு வளைந்து கொடுக்கும் தன்மை அதிகம், நிறுத்திவிட்டால் கணிசமாகத் தேறவும் செய்யும். பார்க்க வேண்டியது இது திரும்ப நடக்கிறதா என்பதைத்தான்.

வீட்டில் கொடுத்துப் பழக்கும் யோசனைக்கு மட்டும் நான் முழு எதிர்ப்பு. ஆஸ்திரேலியாவில் 1,900க்கும் மேற்பட்ட பிள்ளைகளை 12 வயதிலிருந்து 6 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள், முடிவு 2018ல் வந்தது. பெற்றோர் கையால் வாங்கிக் குடித்த பிள்ளைகளுக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. மாறாக, அவர்கள் வெளியில் வேறு வழியில் வாங்கிக் குடிப்பதும், ஒரே மூச்சில் அளவு மீறிக் குடிப்பதும்தான் அதிகமானது. உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்.

விடியலுக்குப்பின்:

நான் 14 வயதில் தொடங்கியவன். அக்கா, அந்த வயதில் எனக்குத் தலைவலிகூட வராது, மற்றவர்கள் மட்டையானபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன், அதில் ஒரு பெருமை வேறு. எதுவும் ஆகவில்லை என்றே பல வருடம் நினைத்தேன். 19ல் கல்லூரியில் ஒரு பக்கத்தை நான்கு முறை படித்தும் தலையில் நிற்காதபோதுதான் பயம் வந்தது. 28ல் நிறுத்தினேன், இப்போது 6 வருடம் ஆகிறது. படிப்பது எவ்வளவோ தேறியிருக்கிறது, ஆனால் பதின்ம வயதின் பல நாட்கள் எனக்கு வெற்றிடம்தான், என் பாட்டியோடு பேசிய கடைசி இரவு உட்பட.

அமெரிக்காவில் 1997ல் வந்த ஒரு பெரிய கணக்கெடுப்பில், 15 வயதுக்கு முன் தொடங்கியவர்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்க்கையில் ஒரு கட்டத்தில் மதுவுக்கு அடிமையாகியிருந்தார்கள், 20 வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களில் அது 10 சதவீதம் அளவுதான். அதைப் படித்தபோது என்னைப் பற்றியே எழுதியிருப்பதுபோல் இருந்தது. உங்கள் மகன் கேட்டவுடன் உண்மையைச் சொன்னான் பாருங்கள், அந்த வாசலை மட்டும் அடைத்துவிடாதீர்கள். நான் சொன்ன அன்று எனக்குக் கிடைத்தது அடி, அதற்குப் பிறகு நான் எதையுமே சொன்னதில்லை.

இரவுப்பணி_நர்ஸ்:

அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன், இதை மகனுக்கும் அவன் நண்பர்களுக்கும் சொல்லி வையுங்கள். குடித்து மயங்கியவனை "தூங்கினா தெளிஞ்சிடும்" என்று தனியாக விட்டுவிட்டுப் போகவே கூடாது. குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றில் இருப்பது இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும். எழுப்பினால் எழவில்லை, மூச்சு மெதுவாகவோ விட்டு விட்டோ வருகிறது, உடம்பு சில்லிட்டு உதடு நீலமாகிறது என்றால் உடனே ஆம்புலன்ஸ். வீட்டில் திட்டுவார்கள் என்று பயந்து தாமதித்த பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

கண்ணாடிவளையல்:

எல்லோருக்கும் நன்றி. விடியலுக்குப்பின் தம்பி, உங்கள் பாட்டி பற்றி எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன். நேற்று இரவு கணவரிடம் அந்த ஆஸ்திரேலியா விஷயத்தைச் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு "சரி, அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். மகனிடம் திட்டாமல் பேசினேன். மறந்துபோகவில்லை, பதிவே ஆகவில்லை என்று சொன்னதும் அவன் முகம் மாறியது. "அப்போ நான் அன்னைக்கு வேற என்னல்லாம் செஞ்சிருப்பேன்மா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அடுத்த முறை எங்கே இருந்தாலும், எந்த நிலையில் இருந்தாலும் எனக்குப் போன் செய், கேள்வி கேட்காமல் வந்து கூட்டிப் போகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.