லூயிவில் ஹோட்டல் பார்ல போர்பன் டேஸ்டிங்: சோடா ஊத்தியே பழகுனவன் என்ன பண்றது?

வைகைக்கரை:
வணக்கம் மக்களே. ஆபீஸ் வேலையா அமெரிக்கா கென்டக்கில லூயிவில் வந்து மூணு நாள் ஆச்சு, இன்னும் பத்து நாள் இருக்கணும். க்ளையன்ட் ஆபீஸ்ல அஞ்சு மணிக்கே லைட்ட அணைச்சுட்டு கிளம்பிடுறாய்ங்க, சென்னை டீம் லாகின் பண்ண இங்க ராத்திரி பதினொண்ணு ஆயிரும், நடுவுல ரூம்ல உக்காந்து சுவத்த பாக்க முடியலன்னு கீழ லாபில இருக்க பாருக்கு போனேன். போனா ஒரு பக்கம் பூரா பாட்டிலா அடுக்கி வச்சிருக்கு, மெனு கார்டு மொய் நோட்டு கணக்கா அத்தனை பக்கம், முக்கால்வாசி போர்பன், அதாவது அமெரிக்கக்காரய்ங்க விஸ்கி. எனக்கு போர்பன்னா டீல முக்கி திங்கிற பிஸ்கட்டுதான்யா தெரியும். நம்ம பழக்கம் என்ன, அறுபது ஊத்து, சோடா ரொப்பு, பக்கத்துல கடலையும் மிக்சரும், முடிஞ்சது. கவுன்டர்ல நின்ன அம்மா, ஒரு அம்பது வயசு இருக்கும், "ஃப்ளைட் வேணுமா"ன்னு கேட்டுச்சு, நான் ரொம்ப மரியாதையா "20ஆம் தேதிதான்மா ஃப்ளைட்"னு சொல்லிட்டேன். பக்கத்து ஸ்டூல்காரன் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல நிக்கிது. ஒரு பீர குடிச்சுட்டு பேசாம மேல வந்துட்டேன்.

அப்புறம் கூகுள் பண்ணித்தான் ஃப்ளைட்னா ருசி பாக்க நாலஞ்சு வகை சரக்க குட்டி கிளாஸ்ல வரிசையா வைக்கிறதுன்னு தெரிஞ்சுகிட்டேன். கேள்வி என்னன்னா, இவ்ளோ தூரம் வந்துட்டு அத குடிச்சு பாக்காம போறது தப்புன்னு மனசு சொல்லுது, ஆனா என்ன கேக்கணும், எப்படி குடிக்கணும், ஐஸ் கேட்டா கேவலமா பாப்பாய்ங்களா, ஒண்ணும் தெரியல. போனவங்க யாராச்சும் சொல்லுங்க.

ஓஹையோ_தம்பி:
அண்ணே அந்த 20ஆம் தேதி மேட்டர படிச்சு ஆபீஸ்ல சத்தமா சிரிச்சுட்டேன். நீங்க உக்காந்திருக்க ஊரு சும்மா ஊரு இல்லண்ணே, போர்பன்ல பெரும்பங்கு கென்டக்கில காய்ச்சுறதுதான். சட்டப்படி அமெரிக்கால எங்க காய்ச்சினாலும் போர்பன்தான், ஆனா பேரு இவங்களுக்குத்தான்.

ஃப்ளைட்னா ஒரு பலகைல மூணு நாலு குட்டி கிளாஸ் வரும், ஒண்ணொண்ணுலயும் அரை அவுன்ஸ், முக்கால் அவுன்ஸ் இருக்கும். ஒரு அவுன்ஸ் கிட்டத்தட்ட 30 மில்லி, அப்ப முக்கால் அவுன்ஸ் மூணு கிளாஸ்னா ஒரு லார்ஜ விட கொஞ்சம் கூடதான். பாக்க சொப்பு சாமான் மாதிரி இருக்குன்னு உடனே இன்னொரு பலகை சொல்லிடாதீங்க. நம்ம ஊரு பாட்டில்ல ஆல்கஹால் 42.8 சதவீதம்னு போட்டிருக்கும், இங்க 50, 60 எல்லாம் சர்வ சாதாரணமா கார்டுல இருக்கும். ப்ரூஃப்னு ஒரு நம்பர் இருக்கும் பாருங்க, அத ரெண்டால வகுத்தா சதவீதம் வந்துரும்.

கேக்கும்போது "ஒரு வீட்டட், ஒரு ஹை ரை, ஒரு பாட்டில்ட் இன் பாண்ட்"னு கேளுங்க, அந்தம்மாவே சந்தோஷமா எடுத்து குடுக்கும். போர்பன்னாலே 51 சதவீதமாச்சும் சோளம் இருக்கணும், அது சட்டம். மிச்சத்துல மால்ட் பார்லி கொஞ்சம், அதோட பெரும்பாலும் ரைன்னு ஒரு தானியம் போடுவாங்க, காரமா மிளகு லவங்கம் மாதிரி அடிக்கும், ஃபோர் ரோசஸ் குடிச்சா தெரியும். ரைக்கு பதிலா கோதுமை போட்டா வீட்டட், மேக்கர்ஸ் மார்க் அந்த வகை, சாதுவா இனிப்பா இறங்கும். பாட்டில்ட் இன் பாண்ட் கதை எனக்கு ரொம்ப பிடிச்சது. அந்த காலத்துல கலர் வரணும்னு புகையிலை, அயோடின்னு கண்ட கழுதையையும் கலந்து வித்திருக்கானுங்க, அதுக்கு முடிவு கட்டத்தான் 1897ல சட்டம் போட்டாங்க: ஒரே டிஸ்டில்லரி, ஒரே சீசன்ல காய்ச்சினது, அரசாங்க கண்காணிப்புல இருக்க கிடங்குல குறைஞ்சது நாலு வருஷம், சரியா 50 சதவீதம். இவான் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள் இதுல மலிவு, ஆனா ஒண்ணும் குறைச்சல் இல்ல.

குடிக்கிற விதம்: முதல் சிப்ப வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க, அது நாக்க எழுப்பி விடுறதுக்கு, வெறும் எரிச்சல்தான் தெரியும். மோந்து பாக்கறப்ப மூக்க உள்ள விட்டுறாதீங்க, நான் விட்டு கண்ணுல தண்ணி கொட்டுச்சு. வாய லேசா திறந்து வச்சுகிட்டு, கிளாஸ கன்னத்துக்கு பக்கத்துல புடிச்சு மெதுவா இழுங்க. ரெண்டாவது சிப்ப வாய்ல வச்சு சோறு மெல்ற மாதிரி மெல்லுங்க, வேடிக்கைக்கு சொல்லல, கென்டக்கி ச்யூன்னு அதுக்கு பேரே இருக்கு. முழுங்கினதும் நெஞ்சுல இருந்து ஒரு சூடு கிளம்பும், அது கென்டக்கி ஹக். ஐஸ் கேளுங்க, தப்பே இல்ல, இங்க பாதி பேரு ஐஸோடதான் குடிக்கிறான். சோடா மட்டும் முதல் ரவுண்டுக்கு வேணாமே, வேணும்னா நாலு சொட்டு தண்ணி.

கொங்குக்காரன்:
தம்பி எல்லாஞ் சரியாத்தான் சொல்லியிருக்காருங்க, ஆனா ஒண்ணு. சோளம்னு போட்டிருக்காரு, அது மக்காச்சோளம்ங்க, நம்மூரு வெள்ளைச்சோளம் இல்ல. அதே மாதிரி ரைங்கறத நெறைய பேரு கம்புன்னு எழுதறாங்க, ரை வேற கம்பு வேறங்க. நாங்க வெள்ளைச்சோளம், கம்பு ரெண்டையும் வெதச்ச குடும்பம், அதனால பொறுக்க மாட்டீங்குது.

மெசின் வேலையா கென்டக்கி பக்கம் ஒரு டிஸ்டில்லரிக்கு போயிருந்தேனுங்க. பீப்பாய்க்குள்ள நெருப்ப விட்டு கரி பண்றாங்க பாருங்க, ஒரு நிமிசம் கூட ஆகாது, உள்பக்கம் முதலைத்தோலு மாதிரி வெடிச்சு கெடக்குது. காய்ச்சி எடுக்கறப்ப பச்சத்தண்ணி மாதிரி இருக்கற சரக்குக்கு அந்த கலரும் வெல்லப்பாகு வாசமும் மரத்துல இருந்து வர்றதுதானுங்க. அதுவும் புதுப் பீப்பாயாத்தான் இருக்கோணும், ஒருக்கா போர்பன் வெச்சத திருப்பி போர்பனுக்கு வெக்கக்கூடாது, அதனால பழச ஸ்காட்லாந்துக்காரன் வாங்கிட்டு போயிர்றான். அங்க கோடைல வெய்யலு, குளுருகாலத்துல பனி, சூட்டுக்கு சரக்கு மரத்துக்குள்ள ஏறும், குளுருக்கு வெளிய வரும், அதனால ஆறு எட்டு வருசத்துலயே நல்லா ஊறிருது. ஸ்காட்ச் மாதிரி 12, 18னு நம்பரப் பாத்து காசு கொட்டாதீங்க, ரொம்ப வருசம் கெடந்தா மரக்கசப்பு ஏறிப்போகும். நம்ம பெங்களூரு அம்ருத் விஸ்கி கம்பெனில பாருங்க, அந்த வெப்பத்துக்கு வருசத்துக்கு பத்து சதவீதத்துக்கு மேல ஆவியாவே போயிருதாமுங்க.

பில்ல_பாத்து_நொந்தவன்:
எல்லாரும் வாசத்த பத்தியே பேசுறீங்க, நான் பில்ல பத்தி பேசுறேன். போன வருஷம் ஒரு டிரிப்புல, ஊரும் வேணாம் ஹோட்டல் பேரும் வேணாம், பார்காரன் "இத நீங்க ட்ரை பண்ணியே ஆகணும்"னு மேல் தட்டுல இருந்து ஒரு பாட்டில இறக்கினான், நானும் தலைய ஆட்டிட்டேன். ஒரே ஒரு ஊத்து, 85 டாலர். டாக்ஸ் தனி, டிப்ஸ் 20 சதவீதம் தனி. அதுல பெரிய தப்பு என்னன்னா ரூம் பில்லோட சேத்துக்கோன்னு சொன்னது. ஊருக்கு வந்து கிளெய்ம் போட்டா அக்கவுண்ட்ஸ்ல இருந்து "மது செலவு அனுமதி இல்லை"ன்னு சிவப்பு மார்க் போட்டு மேனேஜருக்கும் காப்பி வச்சு அனுப்பிட்டாங்க. அந்தாளு ஒண்ணுமே கேக்கல, ஆனா மறுநாள் லஞ்ச்ல "டிரிப் எப்படி, நல்லா இருந்துச்சா"ன்னு கேட்டாரு பாருங்க, செத்துட்டேன்.

அதனால ஊத்துறதுக்கு முன்னாடி வெலைய கேளுங்க, அங்க அதுல வெக்கம் ஒண்ணும் இல்ல. பில்ல தனியா வாங்கி சொந்த கார்டுல கட்டுங்க. பாப்பி வான் விங்கிள்னு ஒண்ணு கண்ணுல படும், அத விட்டு தள்ளி உக்காருங்க, அந்த காசுக்கு ஒரு வாரம் ஃப்ளைட் பலகை பாக்கலாம். பாஸ்போர்ட்ட கையில வச்சுக்கோங்க, தலை நரைச்சிருந்தாலும் ஐடி கேப்பான். ரென்டல் கார் சாவிய ரூம்லயே வச்சுட்டு போங்க.

சுக்குக்காபி:
நான் குடிக்கிறதில்ல, ஆனா அந்த ஊருக்கு ரெண்டு தடவ வேலையா போயிருக்கேன். சோடால எலுமிச்சை பிழிஞ்சு வாங்கிட்டு பார்லயே உக்காந்திருந்தேன், ஒருத்தரும் ஏன்னு கேக்கல. வெறும் வயித்துல போகாதீங்க சார். சைவம்னா கவனம், அங்க பேமஸ் ஹாட் பிரவுன், 1926ல பிரவுன் ஹோட்டல்ல கண்டுபிடிச்சது, பிரெட்டு மேல வான்கோழி, அது மேல சீஸ் சாஸ், அதுக்கும் மேல பன்னிக்கறி. சாயந்தரம் மெயின் ஸ்ட்ரீட்ல விஸ்கி ரோ பக்கம் நடங்க, பழைய கட்டிடங்களோட முகப்பே பாக்க அழகா இருக்கும், குடிக்கணும்னு அவசியமே இல்ல.

ஓஹையோ_தம்பி:
ஆமாண்ணே, அந்த தெருவுலதான் ஓல்ட் ஃபாரஸ்டர் இருக்கு. 1870ல முத்திரை வச்ச பாட்டில்ல மட்டுமே விக்க ஆரம்பிச்ச போர்பன், அதுக்கு முன்ன பெரும்பாலும் பீப்பாய்ல இருந்து ஊத்தித்தான் யாவாரம். நடுவுல இந்த நாட்டுல 1920ல இருந்து 1933 வரைக்கும் மதுவிலக்கு இருந்துச்சு, அப்பவும் மருந்துன்னு சொல்லி டாக்டர் சீட்டு காட்டினா விக்கிற லைசென்ஸ் அந்த கம்பெனி கையில இருந்துச்சாம். நம்ம ஊரு பர்மிட் காலத்த தாத்தாகிட்ட கேட்ட மாதிரியே இருக்குல்ல.

வைகைக்கரை:
மக்களே, நேத்து போயிட்டு வந்துட்டேன். அதே அம்மாதான். என்னைய பாத்ததும் "இன்னைக்கு ஃப்ளைட் உண்டா"ன்னு கேட்டுச்சு, நானும் "உண்டும்மா, ஜன்னல் சீட்டு வேணும்"னேன், அதுக்கப்புறம் தோழியாயிருச்சு. தம்பி சொன்ன மாதிரியே மூணும் கேட்டேன், முதல்ல வெலைய கேட்டேன், 24 டாலர்.

முதல் சிப்பு, சத்தியமா சொல்றேன், மண்ணெண்ணெய்தான். ரெண்டாவது சிப்ப மென்னு குடிக்க சொன்னீகளே, பக்கத்துல ஆள் இல்லாத நேரமா பாத்து மென்னேன், அப்ப வந்துச்சுய்யா ஒண்ணு. எங்க அப்பத்தா கடலை மிட்டாய்க்கு பாகு காய்ச்சும்போது கொஞ்சம் அடிப்பிடிச்சா ஒரு வாசம் வரும்ல, அதே. கோதுமை போட்டதுல அது நல்லா தெரிஞ்சுச்சு, ரை போட்டது எனக்கு கசாயம் மாதிரி இருந்துச்சு, மன்னிச்சுருங்க. பாண்டு சரக்கு நெஞ்ச புடிச்சு உலுக்கிருச்சு, அதுக்கு நாலு சொட்டு தண்ணி விட்டேன், சரியாப் போச்சு. கடைசில அந்தம்மா ஒரு சொட்ட என் உள்ளங்கைல விட்டு பரபரன்னு தேய்க்க சொல்லுச்சு, கைய மூக்குகிட்ட கொண்டு போனா முதல்ல சுட்ட மக்காச்சோளம், கொஞ்ச நேரம் கழிச்சு தச்சு ஆசாரி பட்டறை. அந்த கையோட போய் ராத்திரி பதினொரு மணி கால்ல உக்காந்தேன், டீம்ல என்ன பேசுனாய்ங்கன்னு பாதி ஞாபகம் இல்ல, கைய மோந்துகிட்டே இருந்தேன். ஒண்ணரை மணி நேரத்துல மூணு குட்டி கிளாஸ், ஊர்லன்னா அந்த நேரத்துக்கு குவாட்டரு காலி ஆயிருக்கும்.

சைட் டிஷ்ஷுன்னு உப்பு போட்ட பாதாம் குடுத்தாங்க. அங்கதான் நம்ம ஊரு ஒரு படி மேல.

இன்னும் ஒரே சந்தேகம், மச்சானுக்கு அந்த கோதுமை சரக்கு ரெண்டு பாட்டில் வாங்கிட்டு போகலாமா, கஸ்டம்ஸ்ல புடிப்பாய்ங்களா?

பில்ல_பாத்து_நொந்தவன்:
பாட்டில் 750 மில்லி, ரெண்டு சேத்து ஒண்ணரை லிட்டரு, இந்தியால ஆளுக்கு ரெண்டு லிட்டர் வரைக்கும் டியூட்டி இல்ல. கேபின் பேக்ல வைக்காதீங்க, செக்யூரிட்டில புடுங்கிருவான். செக்-இன் பெட்டில ஜீன்ஸ் பேன்ட் கால்ல ஒண்ணொண்ணா சொருகி சுத்தி வைங்க. கடைல வாங்குற ரசீத ஆபீஸ் ஃபைல்ல சேத்துராதீங்க.