நவீனின் பொட்டலக் கார்: எங்கள் வீட்டுக் குழுவில் இரண்டு நாள்

சனிக்கிழமை

நவீன் (கோவென்ட்ரி, இங்கிலாந்து): பெரியப்பா, உதிரிகளாக வாங்கி நானே பூட்டிய கார், பதினான்கு மாத வேலைக்குப் பிறகு இன்று ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஆனால் எஞ்சின் ஓடும்போது ஒரு கியரும் விழ மறுக்கிறது. ரிவர்ஸ் போட்டால் பல் அரைபடும் சத்தம்.

பெரியம்மா (நாமக்கல்): அவருக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் தட்டுகிறேன். எஞ்சினை அணைத்துவிட்டுப் போட்டால் விழுகிறதா என்று கேட்கிறார்.

நவீன்: ஐந்தும் வழுக்கிக்கொண்டு விழுகின்றன. ரிவர்ஸ் மட்டும் கொஞ்சம் இறுக்கம்.

பெரியம்மா: அப்படியானால் கியர்பாக்ஸைத் திட்டாதே என்கிறார். கிளட்ச் முழுதாக விலகவில்லையாம். மிதித்த பிறகும் எஞ்சின் கியர்பாக்ஸைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிறகு பல் எப்படிப் பல்லோடு சேரும்?

நவீன்: அதையும் பார்த்துவிட்டேன். முதல் கியரில் போட்டு, கிளட்சை அடிவரை மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன். ஒரு முழம் துள்ளி, சுவரோரம் இருந்த பெயின்ட் டப்பாவை இடித்து நின்றது.

அத்தை (ஈரோடு): ஐயோ! யாழினி எங்கே நின்றாள்?

நவீன்: வீட்டுக்குள் இருந்தாள் அத்தை.

பெரியம்மா: அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இனி அந்தச் சோதனை செய்வதானால் பின்சக்கரம் இரண்டையும் தரையிலிருந்து தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டுமாம். வெறும் ஜாக்கியை நம்பக் கூடாதாம்.

கார்த்தி (சென்னை): அண்ணா, கிளட்ச் பிளேட்டைத் திருப்பி மாட்டியிருப்பாய். எஞ்சினை இறக்கிவிடு.

பெரியம்மா: "எஞ்சினை இறக்கு" என்று சொல்கிறவன் கையில் என்றைக்காவது கிரீஸ் பட்டிருக்கிறதா என்று கேட்கிறார். நான் கேட்கவில்லை கார்த்தி, அவர்தான்.

நவீன்: பிளேட் சரியாகத்தான் இருக்கிறது. மாட்டும்போது எடுத்த படம் இதோ. "ஃபிளைவீல் பக்கம்" என்று பொறித்த முகம், எஞ்சினோடு சுற்றும் அந்தச் சக்கரத்தைப் பார்த்து உள்பக்கம் போயிருக்கிறது.

அத்தை: எனக்கு ஒன்று புரியவில்லை. முழுக் காராகவே விற்க மாட்டார்களா அந்த ஊரில்?

நவீன்: விற்பார்கள் அத்தை. 1957இல் லோட்டஸ் செவன் என்ற சின்னக் கார் வந்த காலத்தில், முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு. உதிரியாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் அந்த வரி கிடையாது. 1973இல் மதிப்புக் கூட்டு வரி (வாட்) வந்ததும் சலுகை போயிற்று. பைத்தியம் போகவில்லை. என்னுடையதும் அதே சாயல்தான். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரு பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5இலிருந்து எடுத்தவை. சட்டம், பெடல் பெட்டி, தகடுகள் கிட்டோடு வந்தவை.

அத்தை: கூரை?

நவீன்: இல்லை.

அத்தை: அந்த ஊர் மழைக்கா!

பெரியம்மா: கண்ணாடி கிடைத்துவிட்டது, ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. இனி அவரே எழுதுவார்.

பெரியப்பா (நாமக்கல்): நவீன், கிளட்ச் எண்ணெயில் காற்று இருக்கிறதா? பெடலை இரண்டு மூன்று முறை அடித்து மிதித்தவுடன் கியர் விழுந்தால் காற்றுதான்.

நவீன்: இரண்டு முறை காற்று எடுத்தேன் பெரியப்பா. பெடல் கல்லாக நிற்கிறது. அடித்து மிதித்தாலும் வித்தியாசமே இல்லை.

பெரியப்பா: மழைக்காலம் முழுக்க நின்ற லாரியில் பிளேட் துருவேறி ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். உன்னுடையது புது பிளேட், அதைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் ஸ்கேலை எடு. பெடல் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுகம்பி எவ்வளவு நகர்கிறது, கீழே கிளட்சை விலக்குகிற சிலேவ் சிலிண்டரின் கம்பி எவ்வளவு நகர்கிறது? இரண்டின் உள்விட்டமும் வேண்டும்.

நவீன்: மாஸ்டர் 15.9 மி.மீ., சிலேவ் 19. நல்லவேளை, இந்தக் கியர்பாக்ஸில் சிலேவ் வெளியே இருக்கிறது. மேலே கம்பி 17 மி.மீ. போகிறது. கீழே 9.

பெரியப்பா: சிறிய சிலிண்டர் பெரியதைத் தள்ளுகிறது, அதனால் தூரம் குறையும். விட்டத்தின் வர்க்கத்தைப் பார்த்தால் பத்துக்கு ஏழு. 17 போனால் கீழே 12 வர வேண்டும். 9தான் வருகிறது. மிச்சம் 3 எங்கே?

நவீன்: ஒழுகவில்லை. ரப்பர் குழாயும் உப்பவில்லை, பிடித்துப் பார்த்தேன்.

பெரியப்பா: பெடலை வேறு யாராவது மிதிக்கட்டும். நீ மாஸ்டர் சிலிண்டரையே பார். கம்பியைப் பார்க்காதே, சிலிண்டரைப் பார்.

ஞாயிற்றுக்கிழமை

நவீன்: பெரியப்பா! திருடன் அகப்பட்டான். நான் மிதித்தேன், யாழினி எதிரில் ஸ்கேலோடு உட்கார்ந்து பார்த்தாள். "அப்பா, சுவர் மூச்சு விடுகிறது" என்றாள். மாஸ்டர் சிலிண்டரைப் பூட்டியிருக்கும் அலுமினியத் தகடு, மிதிக்கும்போதெல்லாம் 4 மி.மீ. முன்னால் உப்பித் திரும்பி வருகிறது. அதோடு சிலிண்டரும் முன்னால் ஓடுகிறது.

பெரியப்பா: ஆக, 17இல் 4 வீண். மீதி 13இல் பத்துக்கு ஏழு, 9. கணக்கு நேராகிவிட்டது. பெடல் கல்லாக இருந்ததால்தான் உனக்குச் சந்தேகம் வரவில்லை.

கார்த்தி: பெரிய மாஸ்டர் சிலிண்டராகப் போட்டுவிட்டால் என்ன பெரியப்பா?

பெரியப்பா: போடலாம், கீழே தூரம் கூடும். பெடலும் கனக்கும், அந்தத் தகடு இன்னும் உப்பும், ஒருநாள் கிழியும். தகட்டைக் கெட்டிப்படுத்து கண்ணு. பின்னால் 3 மி.மீ. இரும்புத் தட்டு, இரண்டு ஓரமும் சட்டக் குழாய் வரை போக வேண்டும். பிரேக் சிலிண்டரும் அதே தகட்டிலா?

நவீன்: அதன் பக்கத்திலேயே.

பெரியப்பா: அப்படியானால் அதையும் சேர்த்துப் பிடிக்கிற அகலத்துக்கு வெட்டு. கியர் விழாவிட்டால் வண்டி நிற்கும். பிரேக் பிடிக்காவிட்டால் நிற்காது.

நவீன் (மாலை): தட்டு போட்டாயிற்று. கீழே இப்போது 11.5. எஞ்சின் ஓட ஓட ஐந்து கியரும் விழுகின்றன! ரிவர்ஸும் அரைக்காமல் விழுகிறது, ஆனால் கிளட்சை விட்டதும் தானாக வெளியே வந்துவிடுகிறது.

பெரியப்பா: நேற்றே இறுக்கம் என்றாயே. ரிவர்ஸ் போடும்போது கியர்க் கம்பு எதிலாவது முட்டுகிறதா?

நவீன்: [படம்] கியர்பாக்ஸை மூடும் நடு மூடியின் துளை ஓரத்தில், வலது பின்மூலையில் பெயின்ட் உரிந்திருக்கிறது. கம்பு அங்கே முட்டி நிற்கிறது, கியர் பாதிதான் விழுகிறது.

பெரியப்பா: அரத்தை எடு.

நவீன் (இரவு): 6 மி.மீ. ராவினேன். சொந்தக் காலில் ரிவர்ஸில் வெளியே வந்து, தெருவைப் பார்த்து நிற்கிறது. சாலையில் ஓட்ட இன்னும் ஐ.வி.ஏ. பரிசோதனை, அதாவது தனி வண்டிக்கான அரசு அனுமதிச் சோதனை, பாக்கி.

அத்தை: மழை வருகிறதா?

நவீன்: தூறுகிறது அத்தை. தார்பாய் போட்டுவிட்டேன்.

நவீன்: தாத்தா, நான் யாழினி. அப்பா என் ஸ்கேலைக் கிரீஸ் ஆக்கிவிட்டார். நாளைக்குப் பள்ளிக்கூடம்.

பெரியப்பா: மண்ணெண்ணெயில் துடைக்கச் சொல் சாமி. பிறகு சோப்பு.