மறு: அட்டவணையில் பேடிங், ஸ்பேசிங், அப்புறம் கலர் ஸ்கீம்

நண்பர்களுக்கு வணக்கம். மென்பொருளில் அட்டவணை, நிறம் தொடர்பான ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று குழுவில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> பேடிங், ஸ்பேசிங் இரண்டுக்கும் 'இடைவெளி' என்றே போட்டுவிடலாமே. இழுத்துப் பார்த்தால் புரிந்துவிடும்.

புரியாது. எழுத்துக்கும் கட்டத்தின் கோட்டுக்கும் நடுவே விடுவது பேடிங். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே விடுவது ஸ்பேசிங். கோடில்லாத வெள்ளைப் பக்கத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். நிறம் கொடுத்தால்தான் குட்டு வெளிப்படும். கட்டத்துக்கு மஞ்சள் பூசினால் பேடிங்கும் சேர்ந்து மஞ்சளாகும். ஸ்பேசிங்கில் பின்னால் இருக்கும் அட்டவணையின் நிறம்தான் தெரியும். எச்டிஎம்எல் 4 (வலைப்பக்கம் எழுதும் குறிமொழியின் பழைய பதிப்பு) காலத்தில் இதை வைத்தே ஒரு வித்தை செய்வார்கள்: அட்டவணைக்குக் கறுப்பு, கட்டங்களுக்கு வெள்ளை, ஸ்பேசிங் 1. கோடே போடாமல் மயிரிழைக் கோடு வந்துவிடும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் இதை எப்படி விளக்குவது?

என் பரிந்துரை: பேடிங் 'அகவெளி', ஸ்பேசிங் 'கட்ட இடைவெளி'. அப்போது மார்ஜினுக்கு (கோட்டுக்கு வெளியே சுற்றிலும் விடும் இடம்) 'புறவெளி' தானாக அமைந்துவிடுகிறது. வலைப்பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ்ஸில் மார்ஜின் அட்டவணைக்குச் செல்லும், அதன் கட்டங்களுக்குச் செல்லாது. உதவிப் பக்கத்தில் 'கட்டத்துக்குப் புறவெளி கிடையாது' என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். பேடிங்குக்கு 'உள்ளிடைவெளி'யும் தப்பில்லை, ஆனால் பொத்தானில் அடங்காது.

> செல்லுக்குக் 'கலம்', காலத்துக்கு (column) 'நிரல்'. கணிதப் பாடத்தில் நிரை, நிரல் என்றுதானே படித்தோம்?

அணிகள் பாடத்தில் சரி. ஆனால் மென்பொருளில் 'நிரல்' என்றால் புரோகிராம் என்று ஊன்றிவிட்டதே! 'நிரலை நீக்கு' என்று பட்டியில் பார்த்தால் நானே அழுத்தப் பயப்படுவேன். 'நெடுவரிசை' இருக்கட்டும். 'கலம்' இலங்கை மாணவர்களுக்கு உயிரியல் பாடம், இங்கே பலருக்குப் பாத்திரம். 'கட்டங்களை இணை' என்றால் யாருக்கும் விளங்கும்.

> கலர் ஸ்கீம்: 'நிறத்திட்டம்'.

இதில்தான் தயங்குகிறேன். 'புதிய திட்டம்' என்று புராஜெக்டுக்கு ஏற்கெனவே போட்டிருக்கிறோம். அதோடு, பாலெட்டையும் ஸ்கீமையும் பிரித்தாக வேண்டும். எந்தெந்த நிறங்கள் கைவசம் உள்ளன என்பது 'நிறத்தட்டு'. தலைப்புக்கு எது, பின்னணிக்கு எது, சொடுக்கிய இணைப்புக்கு எது என்று ஒதுக்குவது ஸ்கீம். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும் என்கிற அணுகல் விதியையும் தட்டில் பார்த்துச் சொல்ல முடியாது. எந்த நிறம் எதன்மேல் உட்காருகிறது என்று பார்த்தால்தான் தெரியும். அதனால் 'நிறப்பங்கீடு' என்கிறேன். ரேஷன் கடை ஞாபகம் வருகிறது என்று யாராவது சொல்வீர்கள். வரட்டும், அங்கேயும் நடப்பது ஒதுக்கீடுதான். இருண்ட நிறப்பங்கீடு, வெளிர் நிறப்பங்கீடு என்று சொல்லிப் பார்த்தேன், நாக்கில் இடறவில்லை.

பார்டர் கொலாப்ஸுக்குத்தான் நல்ல பெயர்ச்சொல் அகப்படவில்லை. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களின் கோடுகள் ஒன்றாகி, கட்ட இடைவெளியே இல்லாமல் போய்விடும் நிலை அது. 'கோடுகளை ஒன்றாக்கு' என்று வினையாகவே விட்டுவிடலாமா? மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்