4.8 ரிவெட்டுக்கு 5 எம்.எம். ட்ரில்லா?

சதுரமூலை: எஃப்ஆர்சிங்கிற மாணவர் ரோபோ போட்டிக்கு அலுமினியக் குழாய்ல ஃப்ரேம் பண்றதைப் பத்தி வேற இழையில ஒருத்தர் அளந்துவிட்டது: "எஃப்ஆர்சி ரோபோ சேஸிஸா? மூலைக்கு மேல ஒரு முக்கோணத் தகடு, நாலு ரிவெட், 5 எம்.எம். ட்ரில். முடிஞ்சது வேலை." எங்க முடிஞ்சது? 4.8 ரிவெட்டுக்கு ஓட்டை 4.9. கை ட்ரில்லுல 5 பிட் போட்டா 5.1 ஆயிடும். ரெண்டு ரிவெட்டுக்கு நடுவுல 60 எம்.எம்.; அதுல 0.3 ஆட்டம் இருந்தா 700 எம்.எம். குழாயோட கடைசியில 3.5 எம்.எம். விலகும். அப்புறம் அது சதுரமில்ல, பட்டம்.

கைட்ரில்: அந்த ஒருத்தர் நான்தான், பேரைச் சொல்லியே திட்டுங்க. கன்ல ஆணியை இழுக்கும்போது ரிவெட் உப்பி ஓட்டையை அடைச்சிடும். 0.1-க்கு ஒப்பாரியா?

சதுரமூலை: உப்புறது பெரும்பாலும் குழாயோட உள்பக்கம். தலைக்குக் கீழ, தகடு இருக்கிற இடத்துல சந்து அப்படியேதான் நிக்கும். 4.9.

தீப்பொறி: டிக் வெல்டிங் பண்ணுங்க. ஓட்டையும் இல்ல, சண்டையும் இல்ல.

சதுரமூலை: வந்துட்டாருய்யா. 6061-டி6, அதாவது சூடு வெச்சுப் பதம் போட்டு உறுதியாக்கின அலுமினியக் குழாய்ல, வெல்டு வெச்சா சுத்தி 25 எம்.எம். வரைக்கும் அந்தப் பதம் போயிடும். வளையாம தாங்குற பலம் பாதிக்கும் கீழ. முட்டுறப்போ மூலை அங்கதான் மடங்கும்.

தீப்பொறி: சைக்கிள் ஃப்ரேமெல்லாம் மடங்குதா?

சதுரமூலை: 6061 சைக்கிள்னா வெல்டு முடிச்சு முழு ஃப்ரேமையும் திரும்பப் பதம் போடுவாங்க. உங்ககிட்ட 530 டிகிரி உலை இருக்கா? செயின் இழுவை விவாதத்துலயும் இப்படித்தான் பாதியில ஓடுனீங்க.

தீப்பொறி: ஓடல. உங்ககூடப் பேசி அலுத்துப்போச்சு.

எடைக்கல்: 100×100×3 முக்கோணம் ஒண்ணு 40 கிராம். மேலயும் கீழயும்னா எட்டுத் தகடு, 320 கிராம். 2025-ல ரோபோவோட எடை வரம்பே 115 பவுண்டுதான்.

சதுரமூலை: நடுவுல வெட்டி எடுங்க, 'எல்' வடிவம் போதும். கீழ்த் தகடு இல்லாம மேல மட்டும் வெச்சா குழாய் முறுக்கிக்கும். 'எல்'லோட ஒரு கைக்கு 3 ரிவெட், தகட்டுக்கு 6, மூலைக்கு 12, மொத்தம் 48. ஓட்டை மையம் விளிம்புலேர்ந்து 10 எம்.எம். தள்ளி. குழாய்ச் சுவர் 1.6, தகடு 3, ஆக 4.6, அதுக்கு 10 நீள ரிவெட். 8 நீள ரிவெட் சேர்த்துப் பிடிக்கிற கனம் 4.5-லயே தீர்ந்துடும், பின்பக்கம் சரியா மடியாது. கிளாம்ப் போட்டு ரெண்டு மூலைவிட்டத்தையும் டேப்ல அளந்து, சமமா வந்தப்புறம் ட்ரில். பிசிறை எடுத்துட்டு ரிவெட். ஓட்டை 4.9.

தமிழ்ச்சட்டகம்: ஃப்ரேம், கிளாம்ப், டேப்... சட்டகம்னு எழுதினா ரிவெட் கழண்டுடுமா?

கைட்ரில்: ஐயா, சட்டகத்துக்கும் 5 எம்.எம். தான்.

சதுரமூலை: 48 ரிவெட்டையும் சந்து விட்டு அடிச்சிட்டு, ரோபோ நேராப் போகலன்னு மோட்டார் இழையில வந்து புலம்பாதீங்க.

கைட்ரில்: 12 ரிவெட்டும் ஒரே பக்கமா சாயணும்னு எந்த ஜோசியர் சொன்னார்?

தீப்பொறி: வெல்டு.

சதுரமூலை: 4.9.