பிள்ளை கனடியன், ஆனால் பிள்ளைக் காசு இல்லை: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

ஸ்காபரோ அம்மா
எங்கள் அகதிக் கேஸ் இன்னும் விசாரணைக்கு வரவில்லை. மகள் இங்கேதான் பிறந்தாள். பிறப்பைப் பதியும்போதே பிள்ளைக் காசுக்கும், அதுதான் பிள்ளை வளர்க்க அரசு மாதாமாதம் தரும் உதவிக்கும், சம்மதமா என்று கேட்டிருந்தது, ஓம் என்று அழுத்தினேன். பிறகு உன் குடிவரவு நிலை என்ன என்று ஒரு கடிதம், கொஞ்ச நாளில் தகுதி இல்லை என்று இன்னொன்று. பிள்ளையின் குடியுரிமையைப் பார்ப்பதில்லை, தாய் தகப்பனுடையதைத்தான் பார்ப்பார்களாம். சரி, அதைக்கூட விழுங்கிவிட்டேன். ஆனால் அடுத்த 20ஆம் திகதி, உடுப்புத் தோய்க்கும் அறையில் பக்கத்து வீட்டு அக்கா, "காசு விழுந்திட்டுதா தங்கச்சி?" என்று சும்மா கேட்டா. "ஓம் அக்கா, விழுந்திட்டுது" என்றேன். ஏன் அந்தப் பொய் என்று எனக்கே விளங்கவில்லை.

பழைய ஆள்
18 மாதம் பொறுங்கள் தங்கச்சி, 19ஆவது மாதம் தருவார்கள். என் மச்சானுக்குக் கிடைத்தது.

கேஸ் முடிந்தவன்
அண்ணை, உங்கள் மச்சான் படிக்கவோ வேலைக்கோ விசாவில் வந்திருப்பார். அந்த 18 மாதக் கணக்கு அப்படித் தற்காலிக வதிவிட நிலை உள்ளவர்களுக்கு. அகதிக் கோரிக்கை போட்டதால் கையில் வரும் வேலை அனுமதி அந்த நிலையைத் தராது. இதே கதையை நம்பி நானும் நாட்காட்டியில் மாதத்துக்கு ஒரு கோடு கீறி 18 கோடு சேர்த்தவன். பத்தொன்பதாவதாக வந்தது மறுப்புக் கடிதம். கோடு கீறின நாட்காட்டியை மனுசி இன்னும் எறியவில்லை, சண்டை வந்தால் எடுத்துக் காட்டுவா.

தங்கச்சி, நீங்கள் கேட்கவில்லை, என்றாலும் சொல்கிறேன். வருமானம் பூச்சியம் என்றாலும் இரண்டு பேரும் ஒவ்வொரு ஆண்டும் வரிக் கணக்கைக் கொடுங்கள், பிறகு காசைக் கணக்குப் பார்ப்பதே அதை வைத்துத்தான். கணவன் மனைவியில் ஒருவருக்கு நிரந்தர வதிவிடமோ குடியுரிமையோ இருந்தாலே போதும், அதையும் பாருங்கள். கேஸ் வென்ற முடிவுக் கடிதம் வந்ததும் பிஆர் (நிரந்தர வதிவிட) அட்டைக்காகக் காத்திருக்காமல் பிள்ளைக் காசுக்கு விண்ணப்பிக்கும் ஆர்சி66 படிவத்தையும் அதோடு வரும் நிலை விவரத் தாளையும் அனுப்புங்கள். ஆறு வயதுக்குள் என்றால் 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையான ஆண்டுக்கு அதிகபட்சம் 7,997 டொலர், சின்னக் காசா? ஆனால் கேஸ் வென்ற பிறகுள்ள மாதங்களுக்குத்தான், வந்த நாளிலிருந்து தரமாட்டார்கள்.

ஒன்பதாம் நம்பர்
பிஆர் அட்டைக்குக் காத்திருக்க வேண்டாம் என்றது நூறு வீதம் சரி. நான் வென்ற பிறகும் ஒரு கணக்குக்காரர், "சின் நம்பர் (சமூகக் காப்புறுதி எண்) ஒன்பதில் தொடங்குது, நிரந்தரமில்லாத ஆட்களின் நம்பர், உங்களுக்கு வராது" என்று கோப்பை மூடி என் பக்கம் தள்ளிவிட்டார். நானும் பேசாமல் எழும்பி வந்தேன். கேஸ் வென்று 'பாதுகாக்கப்பட்டவர்' ஆன பிறகும் பிஆர் வரும்வரை அந்த ஒன்பதுதான் இருக்கும் என்பது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. எட்டு மாதம் கழித்து நானே படிவம் போட்டு, விட்ட மாதங்களையும் சேர்த்து வாங்கினேன். அவர் கோப்பைத் தள்ளின அந்த ஒரு விரல் மட்டும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பழைய ஆள்
மச்சான் மாணவ விசாதான். இப்போதுதான் கேட்டேன்.

ஸ்காபரோ அம்மா
எல்லாருக்கும் நன்றி. அந்த அக்கா நேற்றும் வந்தா. "ஜூலையில் கூட்டினவங்களாமே, உனக்கு எவ்வளவு கூடினது?" என்றா. "கொஞ்சம்தான் அக்கா" என்றேன்.