பழைய 78 தட்டில் இவ்வளவு நாதமா? கேட்டவர்கள் சொல்லுங்கள்

மாட்டுங்கா ரசிகன்:
மும்பை சயானில் ஒரு மாமா வீட்டில் நாகஸ்வர மேதை டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தை 78 தட்டிலேயே (நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய இசைத்தட்டு) கேட்டேன். யூடியூபில் பல தடவை கேட்டதுதான். அதில் நாகஸ்வரம் சுவருக்கு அப்பால் வாசிப்பது போலிருக்கும். இங்கே சீவாளியில் (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு) காற்று ஏறுகிற கரகரப்பு, கார்வையிலிருந்து (நீட்டி நிற்கும் ஸ்வரத்திலிருந்து) அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்குகிற இடம் எல்லாம் அறைக்குள்ளேயே கேட்டன. கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

மாமா காரணம் சொன்னார். இணையத்துக்கு ஏற்றும்போது பலர் இரைச்சலை அளவுக்கு மீறி வடிகட்டிவிடுகிறார்கள். தட்டின் 'உஸ்' சத்தமும் சீவாளியின் கரகரப்பும் இருப்பது அதே மேல் அலைவரிசையில்தான். ஒன்றை எடுத்தால் மற்றதும் போய்விடும். அப்புறம் தட்டின் மேல் ஓடும் முள். எல்பி (பிற்காலத்து நீண்ட நேரத் தட்டு) முள் 78 தட்டுக்கு மிகவும் மெல்லியது. அகலமான வரிப்பள்ளத்தின் அடிவரை இறங்கி, அங்கிருக்கும் அழுக்கைத்தான் கிளறும். 78-க்கு நுனியின் ஆரம் அங்குலத்தில் ஆயிரத்தில் 3 பங்கு அளவுள்ள முள் வேண்டும். அது பக்கச் சுவர்களைத் தொட்டுக்கொண்டு ஓடும், நாதம் பதிந்திருப்பதும் அங்கேதான்.

ஒரு பக்கம் மூன்று நிமிடச் சொச்சம். வெட்டி ஒட்ட வழியில்லாத காலம். அதற்குள் ராகத்தை நிலைநிறுத்திக் காட்டியிருக்கிறார், மகா வித்வான்!

செம்பூர் வாசகி:
உண்மை அண்ணா. சோர் பஜார் (பழைய பொருள் சந்தை) மட்டன் ஸ்ட்ரீட்டில் எனக்கு நாடகப் பாடகர் எஸ்.ஜி.கிட்டப்பாவின் தட்டு கிடைத்தது. 1933-லேயே காலமாகிவிட்டவர். மைக் இல்லாத நாடக மேடையில் பாடிப் பழகிய குரல். மேல் ஸ்தாயியில் நிற்கும்போது பிசிறே இல்லை. 1925-க்கு முன்னால் ஒலிப்பதிவுக் கருவியின் புனலுக்குள் கத்திப் பாடவேண்டும், அதன்பின் மின்சார ஒலிப்பதிவு வந்துதான் மைக் முன் பாட முடிந்தது. அந்த வித்தியாசம் காதிலேயே தெரிகிறது.

வாங்குபவர்கள் கீறலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மேலோட்டமான கீறல் 'டிக்' என்று கேட்டுப் போய்விடும். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கறுப்பாகப் பளபளத்தால் எடுக்கலாம். பள்ளங்கள் சாம்பல் பூத்திருந்தால் இரும்பு முள் தின்று தீர்த்துவிட்டது என்று அர்த்தம், முழுதாக மீட்பது கடினம்.

டோம்பிவிலிக்காரன்:
ஒரு விஷயம் சேர்க்கிறேன். தயவுசெய்து ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள். அது அரக்கில் செய்த தட்டு, ஸ்பிரிட் பட்டால் கரையும். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு, மெல்லிய பிரஷ், பள்ளத்தின் போக்கிலேயே தேய்த்தால் போதும். நடுவிலுள்ள லேபிள் நனையக் கூடாது.

என்னிடம் வீணை தனம்மாள் தட்டு ஒன்று இருக்கிறது. மிக மெல்லிய நாதம் என்று பெரியவர்கள் சொல்லிக் கேள்வி. இருக்கிற எல்பி முள்ளை அதன்மேல் வைக்க மனம் வரவில்லை. 78-க்கான முள் மும்பையில் எந்தக் கடையில் கிடைக்கும், யாருக்காவது தெரியுமா?